வீட்டில் செய்யும் ஆக்டிவ் கிரில் ஷட்டர்: மூடுவதைவிடத் திறப்பதில்தான் வேலை

காரின் முகப்பில் இருக்கும் கிரில் ஓட்டை, அந்த எஞ்சினுக்கு வரக்கூடிய மிக மோசமான நாளை மனதில் வைத்து அளவெடுத்து வெட்டப்பட்டது. கொளுத்தும் வெயில், முழுச் சுமை, நீண்ட மலையேற்றம், ஏசியும் முழு வேகத்தில். அன்றைக்கும் எஞ்சினைக் குளிரூட்டும் திரவமான கூலன்ட் கொதிக்கக் கூடாது. மற்ற நாட்களில், சமதளச் சாலையில் சீராக ஓடும்போது, அந்த ஓட்டையின் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. ஆனால் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சர், கூலன்டைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இரண்டின் நெருக்கமான தகடுகளுக்குள் புகுந்து வேகம் இழந்து, எஞ்சின் அறைக்குள் முட்டி மோதி, காரின் அடிவழியே கலங்கலாக வெளியேறும். அது இழந்த வேகத்துக்கு நாம் எரிபொருளில் விலை கொடுக்கிறோம். தேவையில்லாத நேரத்தில் அந்த ஓட்டையை மூடி, தேவைப்படும்போது தானே திறக்கும் பட்டைகள்தான் ஆக்டிவ் கிரில் ஷட்டர்.

ஓட்டையை அடைத்தால் முகப்பு தட்டையாகி, காற்று இன்னும் பலமாக மோதாதா என்று பலர் கேட்பதுண்டு. மோதத்தான் செய்யும். ஆனால் உள்ளே போக வழியில்லாத காற்று பம்பரின் வளைந்த ஓரங்களைச் சுற்றி வேகமாக ஓடும். அந்த வளைவுகளில் அழுத்தம் குறைந்து காரை முன்னோக்கி இழுக்கும். முகப்பில் வாங்கிய அடியில் கணிசமான பங்கை அந்த இழுப்பு ஈடுகட்டிவிடுகிறது. ரேடியேட்டருக்குள் போன காற்றிடமிருந்து அப்படி எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

யோசனை பழையதுதான். சோவியத் காலத்து காஸ்-21 வோல்காவில் ரேடியேட்டருக்கு முன்னால் தகட்டு ஷட்டர் இருந்தது; ஓட்டுநர் உள்ளிருந்தே இழுத்து மூடுவார். அங்கே நோக்கம் குளிர்காலத்தில் எஞ்சினைச் சூடாக வைப்பது. மைலேஜுக்காக மோட்டார் வைத்துத் தானாக இயங்கும் ஷட்டர் 2011 ஷெவர்லே குரூஸ் ஈகோ, 2012 ஃபோர்டு ஃபோகஸ் போன்ற கார்களில் வந்து பரவியது.

எவ்வளவு மிஞ்சும்?

ஆசையை முதலிலேயே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். 1300 கிலோ எடை, காற்றுத்தடைக் குணகம் 0.32, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று மோதும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். அதன்படி காற்றுத்தடை 325 நியூட்டன். டயர் உருளும் தடை ஏறக்குறைய 130. மொத்தம் 455. கிரில்லை நன்றாக மூடினால் குணகம் 0.01 முதல் 0.02 வரை குறையும் என்று எதிர்பார்க்கலாம். அதாவது 10 முதல் 20 நியூட்டன். மொத்தத் தடையில் 2 முதல் 4 சதவீதம். எஞ்சினின் உள் உராய்வுக்குச் செலவாகும் எரிபொருள் மாறாது என்பதால் மைலேஜில் தெரிவது இன்னும் கொஞ்சம் குறைவு. லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் கார் 20.5 கொடுத்தால் அது நல்ல ஷட்டர்.

அதுவும் நெடுஞ்சாலையில் மட்டும். 50 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை நான்கில் ஒரு பங்காகிவிடும். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் பிரேக்கிலும் ஐட்லிங்கிலும் போகும் எரிபொருளுக்கு முன்னால் இந்த லாபம் தூசு. 'எஞ்சின் சீக்கிரம் சூடாகும்' என்ற பேச்சையும் குறைத்தே மதிப்பிட வேண்டும். எஞ்சின் சூடாகும் வரை, கூலன்டின் வழியை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கிறது, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதே இல்லை. எஞ்சின் மேல் நேரடியாக வீசும் குளிர்காற்று தடைபடுவது மட்டும்தான் அதில் பலன்; கடுங்குளிர் உள்ள இடத்தில் அது தெரியும், மற்ற இடங்களில் தெரியாது.

முதலில் அசையாத அடைப்பு

மோட்டாரை வாங்குவதற்கு முன், அடைப்பே இல்லாமல் ஒரு வாரம் ஓட்டி, காரின் கணினித் தகவல்களைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் ரீடர் மாட்டிக் கூலன்ட் வெப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். டாஷ்போர்டு முள்ளை நம்பக் கூடாது. பல கார்களில் சுமார் 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். தெர்மோஸ்டாட் எங்கே திறக்கிறது, சீரான ஓட்டத்தில் வெப்பம் எங்கே நிற்கிறது, ஃபேன் எப்போது ஓடத் தொடங்குகிறது ஆகிய மூன்று எண்களும் உங்கள் காரிலிருந்தே வர வேண்டும்.

அடுத்து, விளம்பரப் பலகை செய்யும் நெளி பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, மேல் கிரில்லை மட்டும் அடைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் பம்பருக்குக் கீழே உள்ள வாய்தான் முக்கியமான காற்றுவழி. மேலே இருப்பதில் பாதி அலங்காரம். மேல் வாயை அடைத்தும் வெப்பம் அசையவில்லை என்றால் அதை நிரந்தரமாக மூடிவிடலாம். லாபத்தில் பெரும்பங்கு இதிலேயே வந்துவிடக்கூடும். கீழ் வாய்க்கு மட்டும் ஷட்டர் போதும்.

கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பக்கவாட்டில் இருக்கும் இடைவெளிகளையும் இப்போதே ஃபோம் பட்டையால் அடைத்துவிடுங்கள். அந்த வழியே நழுவும் காற்று குளிரூட்டாமலே தடையை மட்டும் தருகிறது. அதை அடைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டருக்குக் கூடுதல் காற்று கிடைக்கும். அசையும் பாகம் எதுவும் இல்லாமல் இரண்டு பக்கமும் லாபம் தரும் ஒரே வேலை இது.

முகப்பில் ரேடார் இருக்கும் கார்களில் அதன் முன்னால் எதையும் வைக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் முகப்பில் இருந்தால் அந்தப் பகுதியையும் விட்டுவிட வேண்டும். கியர் ஆயிலின் சூடு கூலன்ட் சென்சாருக்குத் தெரியாது.

சட்டமும் பட்டைகளும்

600 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம் உள்ள வாய் என்று வைத்துக்கொள்வோம். 37.5 மி.மீ. இடைவெளியில் நான்கு அச்சுகள்; ஒவ்வொன்றிலும் 40 மி.மீ. அகலப் பட்டை. மூடும்போது ஒன்றன்மேல் ஒன்று 2.5 மி.மீ. படியும். பட்டைக்கு 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட் போதும். 3டி பிரிண்ட் செய்வதென்றால் ஏஎஸ்ஏ அல்லது பிஇடிஜி வகைப் பிளாஸ்டிக். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகிவிடும், கண்டென்சர் முன்னால் நிற்கும் பொருளுக்கு அது ஆகாது. அச்சுக்கு 4 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி, அது சுழல 4.3 மி.மீ. துளையிட்ட நைலான் புஷ். கிரீஸ் வேண்டாம். கிரீஸ் தூசியைப் பிடித்து ஒரே மாதத்தில் அரைக்கும் மாவாகிவிடும்.

அச்சு பட்டையின் நடுவில் வரக் கூடாது. மேல் ஓரத்திலிருந்து 24 மி.மீ., கீழ் ஓரத்திலிருந்து 16 மி.மீ. என்ற இடத்தில் வைத்தால், மூடிய பட்டையின் மேல்பாதிமீது காற்று அதிகமாக அழுத்தும். பட்டை பின்னோக்கிச் சாய்ந்து தானே திறக்கப் பார்க்கும். பட்டையின் எடையும் அதே பக்கம் சாயும், சிறிய உதவிதான் என்றாலும். முழுவதும் கிடைநிலைக்கு வருமுன் காற்று கைவிட்டுவிடும், ஏனென்றால் பட்டை சாயச் சாய அழுத்தத்தின் மையம் முன் ஓரத்தை நோக்கி நகர்ந்து அச்சுக்கே வந்துவிடுகிறது. மீதித் தூரத்துக்கு ஸ்பிரிங். மேல் பட்டையின் கீழ் ஓரம், கீழ்ப் பட்டையின் மேல் ஓரத்துக்கு முன்பக்கமாகப் படிய வேண்டும். இதை மாற்றி வைத்தால் பட்டைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது.

விசைக் கணக்கு சின்னது. 100 கி.மீ. வேகத்தில் முழு ஷட்டர்மீதும் காற்று சுமார் 41 நியூட்டன் அழுத்தும். அச்சு 4 மி.மீ. விலகியிருப்பதால் திருப்பு விசை 0.17 நியூட்டன் மீட்டர், அதாவது 1.7 கிலோ-செ.மீ. 9 கிலோ-செ.மீ. தரும் ஒரு சாதாரண மெட்டல் கியர் சர்வோவுக்கு (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) இது ஒன்றுமில்லை. உண்மையான சுமை சேறும், செத்த பூச்சிகளும், காய்ந்த இலைகளும்தான். அதற்காகவே மூன்று மடங்கு விசையைக் கையிருப்பில் வைக்க வேண்டும்.

பலர் சறுக்குவது வெப்ப விரிவில். 600 மி.மீ. ஏபிஎஸ் பட்டை 50 டிகிரி சூடேறினால் 2 முதல் 3 மி.மீ. வரை நீளும். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அவ்வளவு நீளாது. இரண்டையும் முழு நீளத்துக்கு ஒட்டிவிட்டால் பட்டை வில்லாக வளைந்து சட்டத்தில் உரசும். காலையில் மேசைமேல் அழகாகச் சுழன்றது, மதியம் வண்டியில் இறுகி நிற்பது இதனால்தான். ஒரு முனையில் மட்டும் பட்டையைக் கம்பியோடு பொருத்தி, மறுமுனை வழுக்க விடுங்கள். இரு ஓரங்களிலும் சேர்த்து 4 மி.மீ. இடம் விடுங்கள். பட்டை இவ்வளவு நீளம் என்றால் நடுவில் ஒரு தாங்கியும் வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் படபடக்கும். திறந்த பட்டை பின்பக்கம் 24 மி.மீ. நீட்டும், ஆகவே அச்சுக்கும் கண்டென்சருக்கும் இடையே 40 மி.மீ. இருக்கட்டும்.

எது இழுக்க வேண்டும்?

வேலையின் உயிர்நாடி இங்கேதான். ஷட்டர் மூடாமல் போனால் நட்டம் அரை கிலோமீட்டர் மைலேஜ். திறக்காமல் போனால் நட்டம் சிலிண்டர் ஹெட். ஆகவே மின்சாரம் போனாலும், ஒயர் அறுந்தாலும், புரோகிராம் உறைந்தாலும் ஷட்டர் திறந்து நிற்க வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது, பார்க்க உறுதியாக இருக்கும், கம்பியை நேர்கோட்டில் தள்ளி இழுக்கும் 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர். நிறுத்திய இடத்தில் அசையாமல் நிற்பது அதன் பெருமை. ஃபியூஸ் போனால் மூடிய நிலையிலேயே நிற்கும் என்பது அதன் ஆபத்து. சர்வோ பரவாயில்லை. மின்சாரம் இல்லாத சர்வோவைப் பின்னோக்கிச் சுழற்ற முடியும், கியரின் இறுக்கத்தை மீறும் ஸ்பிரிங் இருந்தால். ஆனால் மூடிவைத்திருக்கும் நேரமெல்லாம் அந்த ஸ்பிரிங்கோடு சர்வோ மல்லுக்கட்ட வேண்டும். சூடாகும், முனகும், கியர் தேயும். பட்டை சிக்கிக்கொண்டால் இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுத்துத் தானே கருகும். சர்வோ வைப்பவர்கள் 3 ஆம்பியர் தாங்கும் 6 வோல்ட் கன்வெர்ட்டரும், மூடு நிலையை 5 விநாடியில் எட்டாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடும் சேர்த்தே வைக்க வேண்டும்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்குச் சிறந்தது பழைய பாணி வேக்குவம் டயஃப்ரம், அதாவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இழுபடும் சவ்வு. பழைய கார்களின் ஹீட்டர் கதவுகளை இழுக்க வைத்திருந்த அதே கிண்ணம். 35 மி.மீ. விட்டமுள்ள டயஃப்ரம் அரை பார் வேக்குவத்தில் 48 நியூட்டன் இழுக்கும், 20 மி.மீ. நெம்புகோல் வைத்தால் தேவைக்கு மேல். வேக்குவம் மூடும், ஸ்பிரிங் திறக்கும். குழாய் கழன்றாலும் டயஃப்ரம் கிழிந்தாலும் திறந்துகொள்ளும். இன்னொரு அழகும் இதில் இருக்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் தானே விழும். எஞ்சின் அதிகம் உழைக்கும் அந்த நேரத்தில், யாரும் சொல்லாமலே ஷட்டர் திறக்கும்.

ஒவ்வொரு ஓவர்டேக்கிலும் அது படபடக்காமல் இருக்க, மேனிஃபோல்டு பக்கக் குழாயில் 0.7 மி.மீ. துளையுள்ள அடைப்பைச் செருகலாம். குறுகிய மிதிப்புக்கு அசையாது, நீண்ட ஏற்றத்துக்குத் திறக்கும். டயஃப்ரம் கிழிந்தால் எஞ்சினுக்குள் கசியும் காற்றையும் அந்தத் துளை கட்டுப்படுத்தும். படபடப்பை நிறுத்த ஒருவழி வால்வு வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் மேலே சொன்ன அழகு போய்விடும். பிரேக் பூஸ்டர் குழாயிலிருந்து மட்டும் ஒருபோதும் கிளை எடுக்காதீர்கள். டீசலில் மேனிஃபோல்டு வேக்குவம் இல்லை, டர்போ பெட்ரோலில் அது பூஸ்டாக மாறும். அவற்றுக்கு ஸ்பிரிங் வைத்த சர்வோதான்.

ஸ்பிரிங்கை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். டயஃப்ரம் பக்கத்தில் மாட்டினால், இடையில் உள்ள இணைப்புக் கம்பி கழன்ற அன்று ஸ்பிரிங் தனியே, பட்டைகள் தனியே. பட்டைகளை இணைக்கும் நெடுங்கம்பியிலேயே நேராக மாட்ட வேண்டும்.

யார் சொன்னால் மூடும்?

வேக்குவத்தைத் திறந்து அடைப்பது ஒரு 12 வோல்ட் மூவழி சோலினாய்டு வால்வு: மின்சாரம் வந்தால் டயஃப்ரத்துக்கு வேக்குவம், போனால் வெளிக்காற்று. அதற்கான மின்சாரம் ஒரு சங்கிலியாக வர வேண்டும். இக்னிஷன் சப்ளையிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு சிலிண்டர் ஹெட்டில் ஒரு வெப்ப சுவிட்ச், பிறகு ஃபேன் ரிலே (மின்சாரமே இயக்கும் சுவிட்ச்), ஏசி ரிலே, கடைசியில் கன்ட்ரோலரின் ரிலே. எல்லோரும் சம்மதித்தால்தான் மூடும், ஒருவர் மறுத்தாலும் திறக்கும்.

ஃபேன் மோட்டாருக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு ரிலே காயிலை இயக்கி, அதன் சாதாரணமாக மூடியிருக்கும் முனைகளைச் சங்கிலியில் சேர்த்தால், ஃபேன் ஓடும்போதெல்லாம் ஷட்டர் திறந்திருக்கும். இதில் புரோகிராம் எதுவும் இல்லை, அதனால்தான் நம்பகமானது. மூடிய ஷட்டருக்குப் பின்னால் ஓடும் ஃபேன் காற்றில்லாமல் வெறுமனே சுற்றும், வெப்பம் ஏறிக்கொண்டே போகும். வேகம் மாற்றி ஓடும் புதிய வகை ஃபேன்களில் இந்த ஒயரில் சுத்தமான 12 வோல்ட் கிடைக்காது; முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஏசிக்கும் இதே முறை, கம்ப்ரஸர் கிளட்ச் ஒயரிலிருந்து. கண்டென்சருக்குக் காற்று குறைந்தால் கேஸ் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் இன்னும் கடுமையாக உழைக்கும். ஷட்டரில் மிச்சம் பிடித்ததை அங்கே கொட்டிவிடுவோம்.

வெப்ப சுவிட்சுக்கு கேஎஸ்டி301 வகையில், சூடானால் துண்டிக்கும் மாதிரி போதும். இயல்பான ஓட்டத்தில் ஹெட்டின் வெளிப்பரப்பு எட்டும் உச்சத்தை அளந்து, அதைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதலாகத் தேர்ந்தெடுங்கள். இதையே முதன்மைக் கட்டுப்பாடாக வைத்து எலக்ட்ரானிக்ஸைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். துண்டித்த பிறகு மீண்டும் சேர 10, 15 டிகிரியாவது இறங்க வேண்டும். ஓடும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் அவ்வளவு இறங்க விடாது. ஒருமுறை திறந்த ஷட்டர் பயணம் முடியும்வரை திறந்தே இருக்கும். காவல்காரனுக்கு அந்தக் குணம் நல்லது, கட்டுப்படுத்துபவனுக்கு ஆகாது.

கன்ட்ரோலருக்கு ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகையும், காரின் தகவல் இணைப்போடு அதைச் சேர்க்கும் கேன் பஸ் மாட்யூலும் போதும், கேபினுக்குள்ளேயே வையுங்கள். ஓபிடியில் கூலன்ட் வெப்பத்தின் எண் 5. வரும் மதிப்பில் 40-ஐக் கழித்தால் செல்சியஸ். 130 வந்தால் 90 டிகிரி. வேகத்தின் எண் 13, அது நேரடியாகக் கி.மீ. 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறந்து 97-ல் ஃபேன் ஓடும் காருக்கு, 92-ல் திற, 87-க்குக் கீழே வந்தால் மூடு என்று தொடங்கலாம். இரண்டுக்கும் இடையே இந்த 5 டிகிரி இல்லாவிட்டால் ஷட்டர் நிமிடத்துக்கு நான்கு முறை ஆடும். 60 கி.மீ. வேகத்தில் 30 விநாடி ஓடிய பிறகே மூடட்டும், 40-க்குக் கீழே திறந்துவிடட்டும். டர்போ எஞ்சினில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும், எண் 15, பார்க்க வேண்டும். 50 டிகிரியைத் தாண்டினால் திற.

பிழை வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் அதிக வரிகள் எழுத வேண்டியிருக்கும். சென்சார் ஒயர் அறுந்தால் வரும் மதிப்பு மைனஸ் 40. எளிய புரோகிராம் அதைக் 'குளிர்ச்சி' என்று எடுத்துக்கொண்டு மூடிவிடும். இதைவிடக் கொடியது கூலன்ட் கசிவு. கூலன்ட் வடிந்து சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே அது குறைந்த வெப்பத்தைக் காட்டக்கூடும். அதனால்தான் வெப்ப சுவிட்ச் ஹோஸில் அல்லாமல் ஹெட்டின் உலோகத்திலேயே இருக்கிறது. 3 விநாடி பதில் இல்லை, மைனஸ் 30-க்குக் கீழே, 10 விநாடியில் 10 டிகிரி வீழ்ச்சி, 15 நிமிடம் ஓடியும் 60 டிகிரி வரவில்லை: இவற்றில் எது வந்தாலும் திறந்து, இக்னிஷனை அணைத்துப் போடும்வரை திறந்தே வையுங்கள். உறைந்த புரோகிராமை மறுபடி தொடங்கவைக்கும் ஆர்டுயினோவின் வாட்ச்டாக் டைமரை இயக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் புரோகிராம் உறைந்தால் ரிலே அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

டாஷ்போர்டில் ஒரு சிறு விளக்கு, ஷட்டர் மூடியிருந்தால் எரியும்படி. அதன் மைக்ரோ சுவிட்ச் டயஃப்ரத்தில் அல்ல, இழுப்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடைசிப் பட்டையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, விளக்கு எரியும் நேரத்தில் உடன் வருபவரை ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லுங்கள். 2 விநாடிக்குள் விளக்கு அணையாவிட்டால் புஷ்ஷில் சேறு ஏறிவிட்டது. உறைபனி விழும் இடங்களில் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி உறைவதும் உண்டு. இரவு நிறுத்தும்போது திறந்த நிலையில் நிற்பது, ஸ்பிரிங் செய்யும் இன்னொரு உபகாரம்.

அளந்து பார்ப்பது

டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்ப்பவர்கள் இதில் உண்மையைக் கண்டுபிடிக்கவே முடியாது. 40 லிட்டர் நிரப்பும்போது பம்ப் ஒரு லிட்டர் முன்பின் நின்றாலே 2.5 சதவீதம், நாம் தேடும் மொத்த லாபமே அவ்வளவுதான். காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். 10 கி.மீ. எதிர்க்காற்று 100 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடையை 21 சதவீதம் கூட்டும். கோடையில் ஷட்டர் மாட்டியவர் குதிப்பதும், மழைக்காலத்தில் மாட்டியவர் கழற்றி எறிவதும் பெரும்பாலும் இந்த எண்களின் விளையாட்டு.

ஆளில்லாத சமதளச் சாலையில், காற்றில்லாத அதிகாலையில், 100 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி 80-க்கு வர எத்தனை விநாடி என்று அளப்பது மேல். மேலே சொன்ன காருக்கு அது சுமார் 18 விநாடி. ஷட்டர் நன்றாக வேலை செய்தால் இன்னொரு அரை விநாடி கூடும். அரை விநாடியை நம்ப வேண்டுமென்றால் இரு திசையிலும், திறந்து, மூடி, மறுபடி திறந்து என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் எட்டு ஓட்டமாவது வேண்டும். டயர்கள் சூடான பிறகே முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுங்கள்.

ஷட்டர் உண்மையிலேயே அடைக்கிறதா என்பதைப் பார்க்க இன்னும் எளிய வழி உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றிக் கேபினில் நிறுத்துங்கள். ஒரு முனை ஷட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையே, மறுமுனை ரேடியேட்டருக்குப் பின்னால். பக்கத்து இருக்கையில் இருப்பவர் இரு மட்டங்களின் வித்தியாசத்தைப் படிக்கட்டும். 100 கி.மீ. வேகத்தில் காற்றின் முழு அழுத்தமே 47 மி.மீ. தண்ணீர்தான், ஆகவே திறந்த நிலையில் அதில் ஒரு பகுதி தெரியும். மூடியதும் ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்க வேண்டும். பாதிதான் இறங்குகிறது என்றால் காற்று சட்டத்தின் ஓரம் வழியாக நுழைகிறது. புரோகிராமை நோண்டாமல் ஃபோம் பட்டையை எடுங்கள்.